"ஆடுவாரா?" என்று நடுவர் கேட்டார்

என் அக்காவைக் கட்டியவரைப் பற்றி யாரைக் கேட்டாலும், கிளப்பைக் காப்பாற்றிய மனிதர் என்பார்கள். என்னைக் கேட்டால்தான் வம்பு. அவர் மேனேஜராக இருந்த கால்பந்துக் கிளப்பில் ஜெர்சி துவைத்து, பந்துக்குக் காற்றடித்து, வேனும் ஓட்டியவன் நான்.

ஆடிய காலத்தில் மாமாவுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். வலது ஓரமாகப் பந்தோடு கிளம்பினால் எதிரணிக்காரனுக்கு அவர் முதுகுதான் தெரியும். ஒருநாள் முழங்கால் வீங்கியது. அப்போதிருந்த பயிற்சியாளர் ஊசி போட்டு இறக்கினார். அடுத்த ஆட்டத்துக்கும் ஊசி, அதற்கடுத்ததற்கும் ஊசி. முப்பது வயதுக்குள் ஆட்டம் முடிந்தது. பிறகு கூட்ஸ் வண்டி என்று கேலி செய்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் மாடிப்படி ஏறும்போது மட்டும் சிரிப்பு வராது.

மேனேஜர் வேலை கிடைத்த அன்று அக்காவிடம் ஒன்றுதான் சொன்னார். "அடிபட்டவன ஒருநாளும் ஆட விடமாட்டேன்." சொன்னபடியே நடந்தார். யாராவது லேசாக நொண்டினாலே வெளியே இழுத்துவிடுவார். இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தே தோற்கிறோம் என்று எனக்கு எரிச்சல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? அதை அவர் முகத்துக்கு நேரே சொல்வேன்.

அவர் மேனேஜராக இருந்த கடைசி வருஷம் வாங்கிய தோல்விகள் கொஞ்சநஞ்சமல்ல. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவோம், இறங்கினால் கிளப்பை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார் என்று அக்கா சொன்னாள். பாவமாக இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கினோம். மாமா பதறிப்போய், இருந்த மாற்று ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் இறக்கித் தீர்த்துவிட்டார். ஒருவழியாக ஒரு கோல் திருப்பினோம். சமனில் முடிந்தால் போதும், பிழைத்துக்கொள்வோம். முடியப்போகும் நேரத்தில் எங்கள் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தான். ஓடிவந்த எதிரணிக்காரனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது.

எழுந்துவிட்டான். ஆனால் எங்கள் கோல்கம்பத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தான். கூட ஆடுகிறவன் ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

"ஆடுவாரா?" என்று நடுவர் கேட்டார்.

மாற்றி இறக்க ஆள் கிடையாது. அவனை வெளியே எடுத்தால், கையால் பந்து பிடித்தே பழகாத ஒருவனைக் கோலில் நிறுத்த வேண்டும்.

"மாமா, அவன் கண்ணப் பாருங்க. வெளிய கூப்பிடுங்க," என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான்டா. நீ சும்மா இரு." நடுவரிடம் திரும்பினார். "ஆடுவான்."

அவன் கம்பத்தைப் பிடித்தபடி நின்றான். ஒரு பந்து தானாக வந்து அவன் நெஞ்சில் பட்டுத் திரும்பியது. விசில் ஊதிவிட்டார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்து மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டது. முதலாளி கண்ணீரோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா அத்தனை பேரையும் தள்ளிவிட்டு இறங்கி, நொண்டிக்கொண்டே உடைமாற்றும் அறைக்கு ஓடினார்.

கோல்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். காலடியில் வாந்தி.

"தம்பி, எப்படிப்பா இருக்கு?"

"நல்லாருக்கேன் சார். மேட்ச் எப்ப ஆரம்பிக்குது?"

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "முடிஞ்சிடுச்சுப்பா. கிளப்பக் காப்பாத்திட்ட."

அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே கேட்டான்.

நான் வேனை எடுத்தேன். பின்சீட்டில் அவன் தலையை மாமா மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் அவன் மேட்ச் எப்போது என்று கேட்டான், அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது, பயம் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே அவன் கேட்பது நின்றுவிட்டது. வாசலில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அவனுக்கு மூச்சு இல்லை. மாமா இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.