ஓரகத்தி வாசலில் மழைக்கஞ்சி

பெரியகுளத்தில் வளர்ந்த என்னை மயிலாடும்பாறைப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். எழுபதுகளில் அங்கே தொடர்ந்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. என் கணவரின் அண்ணன் குடும்பத்துக்கும் எங்களுக்கும் கிணறு ஒன்றுதான். எங்கள் முறையன்று அவர்கள் மோட்டாரை ஓடவிட்டார்கள் என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். அன்றிலிருந்து அந்த அண்ணனின் மனைவியான என் ஓரகத்தியும் நானும் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால்கூட எனக்கு எரிச்சல் வரும்.

புரட்டாசி பாதி போயும் வானம் வெளுத்தே கிடந்தது. ஊர்ப் பெண்கள் மழைக்கஞ்சி எடுப்பதென்று முடிவு செய்தார்கள். வீடு வீடாகக் கஞ்சி கேட்டு வாங்கி ஒரே பானையில் சேர்த்து, காய்ந்த ஓடையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைத்துவிட்டு, அதை உப்பில்லாமல் குடிக்க வேண்டும். ஒரு வீட்டையும் விடக்கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கூப்பிட்டார்களே என்று போனேன்.

பானை கை மாறிக்கொண்டே வந்தது. என் கைக்கு வந்தபோது எதிரே ஓரகத்தி வீடு.

“வேற ஆராச்சும் பிடிங்களேன்,” என்றேன்.

“அதெல்லாம் மாத்தக் கூடாது. வச்சிருக்கவதான் கேக்கணும்,” என்றார் முன்னால் போன பூசாரி வீட்டம்மா.

ஓரகத்தி செம்போடு வாசலுக்கு வந்தார். ஊற்றவில்லை. “கேட்டாத்தான ஊத்த முடியும்?”

பானையை நீட்டினேன். “மழைக்கஞ்சி ஊத்துங்கக்கா.”

ஊற்றினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அவரும் எங்களோடு நடந்தார்.

ஓடை மணல் உள்ளங்காலைச் சுட்டது. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள். எனக்கு ஒப்பாரி தெரியாது, வெறுமனே உதட்டை அசைத்தேன். கரையில் புங்கமரம் ஓர் இலைகூட இல்லாமல் நின்றது. கோடையில் நாங்கள் விற்ற மாட்டு ஜோடி அதன் அடியில்தான் தண்ணீர் குடிக்கும். அவற்றை ஓட்டிப் போன அன்றைக்கு நான் அழவே இல்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அந்த மரத்துக்கும் மணலுக்கும் அதே தவிப்புத்தான் என்று பட்டபோது, நிஜமாகவே குரல்விட்டு அழுதேன்.

பக்கத்தில் இருந்த ஓரகத்தி என் முதுகைத் தடவினார். “அழுதுரு ஆத்தா. அன்னைக்கு மோட்டார அமத்த மறந்துதான் போனேன். அதச் சொல்ல எனக்கும் வாய் வரல.”

“நானும் நின்னு கேட்டிருக்கணும்க்கா,” என்றேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வருசநாட்டு மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கஞ்சியால்தான் பெய்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. பிடித்த மழை ஓயவில்லை. ஓரகத்தி முக்காட்டோடு ஓடிவந்து, “ஓடையில தண்ணி வருதாம், வா பாப்பம்!” என்று கையைப் பிடித்து இழுத்தார். செம்மண் கலங்கிய தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் நனைய நின்றோம். சிரிப்புத்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிப் படுத்தவள், பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அசந்து தூங்கினேன்.