அடுக்களைக்கு வந்த என்ஜின்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் தொழிலில் லீவு பிள்ளைகளுக்குத்தான். நமக்கு அது வண்டிக்கு வைத்தியம் பார்க்கும் சீசன். தினமும் காலையில் சாமி கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்புகிற பழைய வண்டிக்காரர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஆனாலும் போன தீபாவளி லீவில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வெள்ளைப் புகை

லீவு விடுகிற அன்றைக்கு மும்பை செம்பூர் சிக்னலில் நிற்கிறேன், வேனுக்குப் பின்னால் ஒரே வெள்ளைப் புகை. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்! அவர்களை ஆட்டோ பிடித்து வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை, என்ஜின் ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறது. என்ஜினுக்கும் அதன் மேல் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட் போய்விட்டது என்று எனக்கே புரிந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று என் வண்டி ஓடவில்லையென்றால், வேறொரு வேன் என் சவாரியை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடும்.

பக்கத்து கராஜ்காரரிடம் கெஞ்சினேன். அவர் சீட்டைத் தூக்கி அடியில் இருக்கிற என்ஜினைக்கூடப் பார்க்கவில்லை. வண்டியைத் தூக்கிப் போடச் சொல்லிப் பழைய இரும்புக் கடைக்குக் கை காட்டினார். "அரே தீதி, இஸ்கோ பங்கார் மே டால் தோ!"

மடியில் ஒரு பாப்பா

வந்த கோபத்தில் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து தாராவியில் எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினேன். இந்த வேனில் முன் சீட்டுக்கு அடியில்தான் என்ஜின். அடுப்பு முன்னால் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, போனில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கழற்றிய போல்ட்டெல்லாம் டிபன் டப்பாக்களில். கடைசியில் ஹெட் அசைந்து கையோடு வந்தது பாருங்கள், கத்தியே விட்டேன்!

அதன் அடிப்பக்கம் சூட்டில் கொஞ்சம் வளைந்திருந்தது. மட்டமாகச் சீவிக் கொடுக்க குர்லாவில் ஒரு பட்டறை இருக்கிறது. பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். கனத்தில் கால் மரத்துப்போனது. எங்கள் ரூட்டில் ஓடியே தமிழ் கற்றுக்கொண்ட மராத்திக் கண்டக்டர் மூட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "அக்கா, சின்ன பாப்பாதானே? அப்போ டிக்கெட் வேணாம்!"

சொட்டு

சீவின ஹெட் எங்கள் அடுக்களைத் தரையில் விரித்த பேப்பரில் உட்கார்ந்தது. அதில் இருக்கிற வால்வுகள் தங்கள் இடத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். அதற்குச் சொரசொரப்பான ஒரு பேஸ்ட்டைத் தடவி, ஒரு குச்சியில் வால்வை ஒட்டவைத்து, மோர் கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் செல்லத்துரை டெய்லர். "ஒனக்கு எதுக்குட்டி இந்த வேல?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "இங்க குடு" என்று குச்சியை வாங்கினார். அதற்கப்புறம் திருப்பித் தரவே இல்லை.

தேய்த்து முடித்து மேலே மண்ணெண்ணெய் ஊற்றினோம். கீழே கசிந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம். ஒரு வால்வு கசிந்தது. துடைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி ஊற்றினோம். அவர் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு அடியில் பார்த்தார். நான் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம்: "ஏட்டி செல்வி, சொட்டலட்டி! ஒரு சொட்டு வரல!"

மாட்டிக்கொண்ட பெல்ட்

போல்ட்டுகளை அளவாக முறுக்குகிற ரெஞ்சை, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே வேன் ஓட்டும் காதர் பாய் கொண்டுவந்தார். புதுக் கேஸ்கெட்டை வைத்து, அதன்மேல் ஹெட்டை இறக்கி, நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே வெளியே முறுக்கினேன். வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓட்டுகிற டைமிங் பெல்ட்டையும் மாட்டியாயிற்று. சாவி போடுவதற்கு முன்னால் என்ஜினைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது.

"புது பெல்ட்டுல்லா, டைட்டாத்தான் இருக்கும். போட்டு இழு பிள்ள" என்றார் பாய். எனக்குக் கை வரவில்லை. உள்ளே வால்வு பிஸ்டனில் இடித்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு இழுப்பில் எல்லாம் கோணிப்போகும். குனிந்து பார்த்தால் பெல்ட் பல் மாறி உட்கார்ந்திருக்கிறது! கழற்றி, அடையாளம் பார்த்துத் திரும்ப மாட்டினேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது. சாவியைத் திருப்பினேன். இருமியது. நின்றது. இன்னொரு தரம் திருப்பினேன். பிடித்துக்கொண்டது! புகை இல்லை, தடதடப்பு இல்லை. நான் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் வேறு. காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அல்லாவே, நல்ல வேள நீ எம் பேச்சக் கேக்கல!"

திறப்பு விழா

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் ஸ்டாப்பிலேயே ஒரு பையனின் அம்மாவைப் பிடித்து, ஹெட், வால்வு, பெல்ட் என்று மூச்சுவிடாமல் எல்லாக் கதையையும் சொன்னேன். பையை ஏற்றிவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரி ஆன்ட்டி, ஏசி எப்ப போடுவீங்க?"

என்ஜினைத் திறந்து மூடப் பழகிவிட்டேன், பெற்றோர்களைச் சமாளிக்கத்தான் இன்னும் யாரும் ஸ்பேனர் கண்டுபிடிக்கவில்லை.