உயிர் இருக்கிற இடத்தில் ஒரு பொட்டு

"ஏளப்பா, ஏளு. மணியாச்சு."

கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நாகலக்ஷ்மி பொத்தானை அழுத்துவார். கன்னடத்தில் எழுப்பினால்தான் அது எழுந்திருக்குமாம். எழுந்த பிறகு நாள் முழுக்கத் தமிழில் வேலை வாங்குவார். எதிர்க்கடையில் சாவி வெட்டிக்கொண்டிருக்கும் எனக்கு அந்தத் தட்டுதான் காலை ஒன்பதரை மணி.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் கன்னடத்தில் கல்யாணக் கார்டு அடிக்கத் தடுக்கி விழுந்தால் ஒரு கடை. தமிழில் வேண்டுமென்றால் எங்கள் சந்துக்குத்தான் வரவேண்டும். கொள்ளேகாலம், அனூர் பக்கத்திலிருந்து மஞ்சள் பையோடு இறங்குகிறவர்கள் என்னிடம் வழி கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. கையை மட்டும் நீட்டுவேன். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். டைப் அடிக்கும்போது ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படிப்பது நாகலக்ஷ்மியின் வழக்கம். எங்கள் சந்தில் யார் வீட்டுக் காதுகுத்தும் ரகசியமில்லை.

கொண்டையில் ஒரு பென்சில், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. கொழுத்த பழைய டிவி மாதிரி இருக்கும் திரையின் மேல் சாப்பாட்டு டப்பா. அந்தச் சூட்டில் மத்தியானம் வரை சாம்பார் ஆறாதாம். இதற்காகவே தட்டையான புதுத் திரை வாங்க மாட்டேன் என்கிறார். அவருடைய அப்பா ரயில்வே பட்டறையில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மகளின் தமிழில் ரயில்வே குவார்ட்டர்ஸும் மைசூர்த் தெருவும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. சரிபார்க்கத் தாளை நீட்டும்போது எல்லாரிடமும் ஒரே பாட்டுத்தான்: "தப்பு இருந்தா இப்பவே சொல்லிருங்க. அச்சாயிட்டா மாப்பிள்ளையைத்தான் மாத்தணும், பேரை மாத்த முடியாது."

என்னை 'பசவண்ணா' என்பார். நான் எங்கள் ஊர் வழக்கப்படி 'அம்மிணி' என்பேன். "அம்மிணி பேடா, மேடம்னு கூப்பிடுங்க" என்று மூக்கைத் தூக்குவார். இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆயுத பூஜை அன்று மைசூரில் பொட்டில்லாத இரும்பைப் பார்க்க முடியாது. ஆட்டோ, தராசு, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூ. நானும் சாவி மெஷினுக்கு முன்னால் ஒரு பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். நாகலக்ஷ்மி அப்படி இல்லை. திருப்புளியால் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுவார். உள்ளே கையை விட்டு, எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கும் அந்த ஹார்ட் டிஸ்கின் மேலேயே சந்தனத்தைக் குழைத்துப் பூசி, அதன் மேல் குங்குமம் வைப்பார்.

"வெளிய வெச்சா என்னவாம்?" என்று ஒரு முறை கேட்டேன்.

"வெளிய வெச்சா அட்டைப்பெட்டிக்கு வெச்ச மாதிரி, பசவண்ணா. பொட்டுன்னா உயிர் இருக்கிற எடத்துல வெக்கணும்."

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சரியென்று பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டேன். போன தை மாதம் என் மகள் மோகனப்ரியாவின் கல்யாணம் வந்தபோதுதான் அதற்குப் பதில் கிடைத்தது.

கார்டு அடிக்கக் கொடுக்க வேண்டியது நாகலக்ஷ்மியிடம்தான், அதில் யோசனையே இல்லை. சிக்கல் என் மச்சான்கள். பெரியவர் சுரேந்தர், அனூரில் மஞ்சள் போடுகிறவர். சின்னவர் விஜய்குமார், கொள்ளேகாலத்தில் பட்டு நூல் வியாபாரம். ஒரு கிணற்று மோட்டாரை வைத்து ஆரம்பித்த சண்டையில் இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. கார்டில் தாய்மாமன் பெயர் போடும்போது யார் முதலில் என்று கேள்வி வந்தது. "நான் மூத்தவன்" என்றார் பெரியவர். "பொண்ணை வளத்தினது எங்க வூட்டுலதான், அவ காலேஜு முடிக்கற வரைக்கும்" என்றார் சின்னவர். தன் பெயர் இரண்டாவதாக வந்தால் மண்டபத்துப் படி ஏறமாட்டேன் என்று தனித்தனியாக வந்து, ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார்கள். தாய்மாமன் வந்து நிற்காத மேடையில் என் மகளை எப்படி உட்கார வைப்பது? ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தேன்.

வழி கண்டுபிடித்தவர் நாகலக்ஷ்மி. "மேல கீழ எழுதினாத்தானே சண்டை? வட்டமா எழுதினா?"

பிள்ளையார் படத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வட்டத்தில் பாதி ஒரு மாமன், பாதி இன்னொரு மாமன், நடுநடுவே ஒரு தாமரை மொட்டு. கார்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. மச்சான்கள் இருவரும் அவருடைய நாற்காலிக்கு இரண்டு பக்கமும் துவாரபாலகர் மாதிரி நின்றுகொண்டார்கள்.

"விஜய்குமார் நீளமான பேரு, அதனால எடத்தை அதிகமாப் புடிக்குது. பேரு சின்னதுன்னா எடமும் சின்னதாயிருமான்னு கேளுங்க அவருகிட்ட" என்றார் பெரியவர், தம்பியைப் பார்க்காமல்.

"எடம் எனக்கொண்ணும் பெருசில்லீங்க. ஆனாக் கொறையக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார் சின்னவர், சுவரைப் பார்த்து.

நாகலக்ஷ்மி ஒரு பெயரின் எழுத்துகளை விலக்கினார், இன்னொன்றை நெருக்கினார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து நூல் ஒன்றை எடுத்து, திரையின் மேல் வளைத்து வைத்து அளந்தார். அதே நூலை வாங்கிச் சின்னவரும் அளந்தார். இரண்டு சாயங்காலம் இந்தக் கூத்து. இரண்டாம் நாள் இருட்டும் நேரத்தில் இரண்டு தலையும் ஒன்றாக ஆடின. "ஆயித்து!" என்று நாற்காலியில் சாய்ந்தார் நாகலக்ஷ்மி. காலையில் அச்சுக்கு அனுப்புவதாகப் பேச்சு. மறுநாள் சாயங்கால பஸ்ஸில் வந்து, முதல் கார்டை வாங்கிக்கொண்டு மாதேஸ்வரன் மலைக்குப் போய்ச் சாமி காலடியில் வைப்பதாக மச்சான்கள் சொன்னார்கள். ஒரே பஸ்ஸில் போவார்களாம், வேறு வேறு சீட்டில்.

மறுநாள் காலை வழக்கம்போல் இரண்டு தட்டு விழுந்தது. "ஏளப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. எதிர்க்கடையில் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு ரப்பர் எரிகிற நாற்றம். நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

"என்னாச்சுங் அம்மிணி?"

"மதர்போர்டு போச்சு."

"கார்டு?"

"உள்ள இருக்கு."

"போன்ல படமாச்சும் புடிச்சு வெச்சிருக்கலாமல்ல?"

"நீங்க ஏன் பிடிக்கல? சும்மா பக்கத்துல நின்னு கொட்டாவி விட்டுட்டுத்தானே இருந்தீங்க?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "புதுசா வேணா ஒண்ணு பண்ணலாம். மயிரிழை மாறினாலும் உங்க பெரிய மச்சான் நூலோட நிப்பார். மறுபடி கிணத்து மோட்டார்லேர்ந்து ஆரம்பிக்கும். வேண்டாம். டிஸ்கை எடுத்து அந்தப் பெட்டியில மாட்டிரலாம். ஆகத்தே, ஏன் ஆகாது?"

அந்தப் பெட்டி என்றது மேஜைக்குக் கீழே கிடந்த இன்னொரு கம்ப்யூட்டர். மூடிப்போன ட்யூஷன் சென்டரிலிருந்து வாங்கி வந்தது. அதுவும் பழசுதான், ஆனால் உயிரோடு இருந்தது. அதன் மேல் அடுக்கியிருந்த கார்டுக் கட்டுகளை நான் இறக்கினேன். அவர் செத்த பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

மூடி திறந்ததும் சந்தன வாசனை வந்தது. கர்ப்பக்கிரகத்துக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. உள்ளே ஒரே மஞ்சள், சிவப்பு. காய்ந்த செவ்வந்தி இதழ்கள் வயர்களுக்கு நடுவே சொருகிக் கிடந்தன. டிஸ்க் என்பது கால் கிலோ மைசூர் பாக்குப் பொட்டலம் அளவுள்ள இரும்புப் பெட்டி. இரும்பு எங்கே தெரிந்தது? வருஷா வருஷம் வைத்த பொட்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி மேடு தட்டியிருந்தது.

அந்த ட்யூஷன் பெட்டிக்குள் இருந்த, புடவைக் கரை மாதிரி அகலமான சாம்பல் வயரில் அதைச் சொருகினார். சுலபமாக ஏறவில்லை. "ஏறு, ஏறு" என்று கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு ட்யூஷன் பெட்டியின் தலையில் இரண்டு தட்டு. அது எழுந்தது. தன்னுடைய டிஸ்கைக் காட்டியது. எங்களுடையதைக் காணவில்லை.

"ஒரே வயர்ல ரெண்டு டிஸ்க் போட்டா, யாரு பெரியவன், யாரு சின்னவன்னு சொல்லணும் பசவண்ணா. சொல்லாட்டி ரெண்டும் முறைச்சுக்கிட்டு நிக்கும்."

"அட, இதுலயுமா?"

"இந்தப் பெட்டிக்கு அதோட டிஸ்க்தான் பெரியவன். நம்மது வந்து சேர்ந்தது, சின்னவனா இருக்கணும். பின்னாடி அரிசி அளவுல ஒரு தொப்பி இருக்கு பாருங்க. அதைக் கழட்டி சின்னவன் எடத்துல மாட்டணும்."

"இங்கயும் வட்டமாப் போட்டுற முடியாதுங்களா?"

"இதென்ன கல்யாணக் கார்டா? சும்னிரி!" என்று என்னை அடக்கினார்.

சின்னவன் இடம் எது என்பதற்கு டிஸ்கின் மேல் ஒட்டிய காகிதத்தில் படம் போட்டிருக்குமாம். அந்தக் காகிதம் பொட்டுக்கு அடியில் இருந்தது. நாகலக்ஷ்மி நகத்தால் சுரண்டினார். வருகிற மாதிரி இல்லை. இறுகிப்போன சந்தனம் சிமெண்டுக்குச் சொந்தக்காரன். நான் கடைக்குப் போய், சாவித் துளையில் தூசி தட்டும் பிரஷ்ஷையும், பூதக்கண்ணாடியையும், மூக்குக் குறட்டையும் எடுத்து வந்தேன். அவர் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைக்க, பொட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து வந்தன.

"குங்குமத்தைக் குத்தம் சொன்னீங்கன்னா கெட்ட கோபம் வரும்" என்றார், நான் ஒன்றும் சொல்லாதபோதே.

"நான் எங்க சொன்னேன்?"

"மூஞ்சி சொல்லுது."

காகிதம் தெரிந்தது. தொப்பி இடம் மாறியது. ஆனால் வயர் சொருகும் இடத்தில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் வேறொரு சங்கதி. அங்கே சீப்புப் பல் மாதிரி இரண்டு வரிசை ஊசிகள். ஒரு மூலையில் ஊசிகளுக்கு நடுவே சந்தனக் கட்டி. கட்டி இடித்ததால், அவர் கட்டைவிரலால் அழுத்தியபோது ஓர் ஊசி தலைகுப்புறப் படுத்திருந்தது.

"ஐயோ" என்றார் நாகலக்ஷ்மி. அந்தக் கடையிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "பொட்டு வெச்சு நானே குத்திட்டேனா?" கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அது கயிற்றில் ஆடியது.

"கொடுங்க இப்படி" என்றேன். பூட்டுக்குள் ஒடிந்த சாவி எடுக்கிற கைதானே. பிரஷ்ஷால் சந்தனத்தைத் தட்டினேன். மூக்குக் குறட்டால் ஊசியைப் பிடித்து, மூச்சை அடக்கி நிமிர்த்தினேன். உடைந்தால் முடிந்தது என்று அவர் பக்கத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். "நீங்களும் சும்னிரி" என்றேன். நிமிர்ந்தது.

இந்த முறை தட்டும்போது அவர் கை மெதுவாக விழுந்தது. "ஏளப்பா." பெட்டி எழுந்தது. ஒன்றுக்கு இரண்டாக டிஸ்க் காட்டியது. என் மகள் பெயர் போட்ட கார்டைத் திறந்தார். வட்டம் வந்தது, தாமரை வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து புழு நெளிந்தது.

 நாகலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாருங்க பசவண்ணா, இப்பத்தான் உங்க மச்சானுங்க ரெண்டு பேரும் நெஜமா சமம். ஒருத்தர் பேரும் படிக்க முடியல!"

பழைய டிஸ்கிலிருந்த தமிழ் ஃபான்ட் எழுத்துகளை ட்யூஷன் பெட்டிக்கு எடுத்துப் போட்ட பிறகு, புழுவெல்லாம் எழுந்து நின்று மாமன்கள் ஆயின. அவர் வாய்விட்டுப் படித்தார், சந்து முழுக்கக் கேட்கும்படி. "ஆயித்து!" மூடியைக்கூட மாட்டாமல் கார்டை அச்சுக்கு அனுப்பினார். சாமிக்கு வைக்கும் கார்டை மட்டும் தன் பிரிண்டரிலேயே எடுத்தார்.

பஸ் வந்த நேரத்துக்கு மச்சான்கள் வந்தார்கள். காலையில் நடந்தது எதையும் நாங்கள் மூச்சுவிடவில்லை. பெரியவர் பையிலிருந்து நூலை எடுத்தார். அளந்தார். சின்னவர் அளந்தார்.

"செரியா இருக்குதுன்னு சொல்லுங்க அவருகிட்ட" என்றார் சின்னவர்.

"எனக்கும் கண்ணு தெரியும்னு சொல்லுங்க" என்றார் பெரியவர்.

"நானென்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போற வயரா?" என்று நாகலக்ஷ்மி ஒரு போடு போட்டார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் தரையைப் பார்த்தார்.

நாகலக்ஷ்மி மஞ்சளைக் குழைத்துக் கார்டின் நான்கு மூலையிலும் தடவி நீட்டினார். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து வாங்கிக்கொண்டு படி இறங்கினார்கள்.

அவர் விரலில் கொஞ்சம் மஞ்சள் மீதி இருந்தது. பெட்டி இன்னும் திறந்தபடிதான் இருந்தது. பழக்கத்தில் கை அதற்குள் போனது. துடைத்துப் பளபளத்த டிஸ்கின் மேல், தொடுகிற தூரத்தில் விரல் நின்றது.  கையை வெளியே இழுத்தார். மேஜையில் கிடந்த என் மூக்குக் குறட்டை எடுத்து, அதன் மூக்கில் அந்த மஞ்சளைப் பொட்டாக வைத்து, ஊதிக் காயவைத்து என் கையில் கொடுத்தார்.