அக்காவின் மொட்டை

எங்கள் வீட்டில் மொட்டை ஒரு செய்தியே இல்லை. நைனாவுக்குத் திருத்தணி மலைமேல் முடி எடுக்கிற வேலை. சித்தூர்ப் பக்கத்துக் கல்யாணப்பெண், சென்னையிலிருந்து காரில் வருகிற ஆபீஸ் அம்மா, கதறுகிற கைக்குழந்தை எல்லாருமே அவருக்கு ஈரமான தலைகள்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணை எங்கள் ஊரில் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. எல்லா ஊரும் அப்படித்தான் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

அக்கா கபடி ஆடுவாள். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவள் பிளஸ் டூ. ஆடுகளத்தின் மூலையில் நின்று, கபடி பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தாளென்றால் அது உடும்புப் பிடி. அகன்ற தோள், கட்டைக் குரல், நடையில் ஒரு வேகம். ஊருக்கே தண்ணீர் சுமக்கச் சொன்னால் சுமப்பாள். அம்மாவுக்கு அந்த வேகம்தான் பெரிய குறை. “பொட்டப்புள்ள மாதிரியா நடக்கற” என்று நாளைக்கு நாலு முறையாவது கேட்பாள்.

மணவூரில் அத்தை மகன் ஒருவர் இருந்தார், எங்களுக்குப் பாவா. அக்காவுக்குப் பதினெட்டு முடிந்ததும் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அக்காவோ, மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேரலாம் என்று நைனாவிடம் மன்றாடினாள். நைனா யோசித்து ஒரு வழி சொன்னார். அணியில் எடுத்தால் காலேஜ், எடுக்காவிட்டால் பாவா. அக்கா உடனே ஒப்புக்கொண்டாள். அவள் கையை அவளுக்குத் தெரியும்.

மாவட்ட அணியில் பெயர் வந்தால் முடி தருவதாக அவள் முருகனிடம் வேண்டியிருந்தாள். பெயர் வந்தது. அடுத்த கட்டம் வேறு ஊரில், மாநில அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி. அது முடிந்து எடுக்கலாமே என்று அம்மா இழுத்தாள். “சாமி கடன வெச்சிகினு ஆடப் போவாதம்மா” என்று சொல்லி நைனாவே அவளை மலைக்குக் கூட்டிப்போய், இடுப்புக்குக் கீழே தொங்கிய சடையை எடுத்தார். அன்று முழுக்க அவருக்கு ஒரே பெருமை.

வெளியூருக்கு வயசுப்பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். நைனாவுக்கு முகூர்த்தக் கூட்டம், அம்மாவுக்குக் காய்ச்சல். எனவே துணைக்கு என்னை அனுப்பினார்கள். எதிரியின் மூச்சை அடக்கிப் பிடிக்கிற அக்காவுக்கு, இருட்டில் கொல்லைக்குப் போகப் பயப்படுகிற நான் காவல்.

போட்டி தெற்கே ஒரு பெரிய பள்ளி மைதானத்தில். மேடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. காலையில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த பெண்கள் அதற்குள் போய்ப் புதுப் பையும் கோப்பையுமாக வெளியே வந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு மிக்சர் தின்றுகொண்டிருந்தேன்.

அக்காவின் ஆட்டத்தில் பாதி நேரத்துக்குள் எதிரணியின் முக்கியமான ஆட்டக்காரிகள் எல்லாரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் அவர்களுடைய டீச்சர் நடுவரிடம் போய், “இது பொண்ணே இல்ல சார், பையனக் கொண்டாந்து விட்டிருக்காங்க” என்றார்.

எங்கள் பி.டி. டீச்சர் ஓடிவந்தார். “எங்க ஊர்ல பொம்பளைங்க மொட்ட அடிக்கறது சகஜங்க. வேண்டிகினு எடுத்துது” என்று ஆதார் அட்டையை நீட்டினார். அட்டையில் அக்கா இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டியிருந்தாள். நடுவர் அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், இது வேறு ஆள் என்று முடிவு செய்தார். அவள் பெண் என்பதற்கு வைத்திருந்த ஒரே சாட்சியும் இப்படி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. இரண்டு டீச்சர்கள் அக்காவை அந்த அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்கள். எங்கள் டீச்சரை உள்ளே விடவில்லை.

பக்கத்துக் களத்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். தாடியும் மீசையுமாக, வீட்டில் பிள்ளை இருக்கும் என்று சொல்லத்தக்க இருவர் அதில் பள்ளி மாணவர்கள். எங்கள் மாவட்டப் பையன் ஒருவனும் அதே மலையில் அதே முருகனுக்கு மொட்டை போட்டு வந்திருந்தான். அவனை யாரும் எந்த அறைக்கும் கூப்பிடவில்லை.

கதவு திறந்தது. “பொண்ணுதான், ஆடலாம்” என்று ஒரு டீச்சர் மேடையைப் பார்த்துச் சொன்னார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. சிலர் கை தட்டினார்கள்.

அக்கா தன் மூலைக்குப் போய் நின்றாள். வேலியோரம் நின்ற பையன்கள் “தம்பி, புடிடா” என்று கத்தினார்கள். பாடி வந்தவள் அக்காவின் காலடியிலேயே வந்து நின்று போனாள். அக்கா குனியவில்லை. அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே தொட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் அணி தோற்றது. ஆள் எடுக்கிறவர்கள் அக்கா பெயரைப் படிக்கவில்லை. போகும்போது எதிரணி டீச்சர் எங்கள் டீச்சரின் கையைப் பிடித்து, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட நைனா தலையில் அடித்துக்கொண்டார். “மேட்ச் முடிஞ்சி எடுத்திருக்கணும், என் தப்புதான்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்து முடி வளர்த்தாள். பேசியவர்கள் எல்லாரும் முடியைப் பற்றியே பேசினார்கள். கதவைச் சாத்தினவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முடி தோளைத் தொட்டபோது அதில் பூ வைத்து மணவூருக்கு அனுப்பினார்கள். பேச்சு பேச்சுதானே, அக்காவும் மறுக்கவில்லை. அந்த அறையில் என்ன நடந்தது என்று அவள் இன்றுவரை சொன்னதில்லை. கேட்கிற தைரியம் எனக்கும் வந்ததில்லை.

அன்றைக்கு மட்டும் கேட்டேன், திரும்பி வருகிற வேனில். அந்த அறைக்குள் போனவர்கள் எல்லாரும் ஏதாவது வாங்கிக்கொண்டுதானே வந்தார்கள்?

“உனக்கு இன்னாக்கா குடுத்தாங்க?”

“ஒண்ணும் இல்ல.”

நான் நம்பவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டதும் பையைத் துழாவினேன். வியர்வையில் நனைந்த பனியன், முழங்கால் பட்டை, பாதி தீர்ந்த குளுக்கோஸ் பாக்கெட். வேறு எதுவும் இல்லை.

“எனுக்கு மட்டும் காட்டுக்கா. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.”

அக்கா துண்டை இழுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டாள். துண்டு லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபமான கோபம். பெரிய பரிசாக இருக்கும், அதனால்தான் காட்ட மாட்டேன் என்கிறாள் என்று, கனகம்மாசத்திரம் வரை அவள் பக்கமே திரும்பாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து வந்தேன்.