பிரிண்டரோடு வந்த அக்கா

பகலில் நான் கணக்காளர். ஓய்வு நேரத்தில் இணையக் கடைப் பொருள்களின் லிங்கை இந்தப் பக்கத்தில் போடுவேன். அதன் வழியாக யாராவது வாங்கினால் எனக்குச் சின்ன கமிஷன்.

இன்று காலை ஆயர் குரோ பகுதியில் இருக்கும் என் ஆபீசுக்குச் செல்வி அக்கா வந்தார். செங் என்ற ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கடைக் கணக்கு என்னிடம்தான். கையில், நான் லிங்க் போட்ட அதே பில் பிரிண்டர்.

“தம்பி, எழுத்தே விழல. மாத்திக் குடுங்க லா.”

“அக்கா, நான் விக்கல. லிங்க் மட்டும்தான் போட்டேன். வித்தவரு யாருன்னே எனக்குத் தெரியாது.”

அக்கா நிதானமாக உட்கார்ந்தார்.

“எனக்கு மாப்பிள்ள பாத்த தரகரும் கல்யாணத்துக்கு அப்புறம் இதையேதான் சொன்னாரு. கணக்கு பாக்குற தம்பி சொல்றாரேன்னுதான் வாங்கினேன்.”

அக்காவின் போனிலேயே ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தேன். கமிஷனும் அதோடு போனது. பெட்டிக்கு டேப் ஒட்டி, கூரியர் கடை வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

“சரி, வேற நல்லதா ஒண்ணு பாருங்க” என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பினார்.

போன வாரம் வாஷிங் மெஷின் லிங்கும் போட்டிருந்தேன். வாங்கியவர்கள் குறை இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள். என் ஆபீஸ் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.