கல் வைக்காத கார்

ஏற்காட்டில் காரை நிறுத்தி இறங்கியவுடன் கண் தேடுவது ஒரு நல்ல கல்லைத்தான். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி யாரும் வண்டியைச் சரிவில் விட்டுப் போவதில்லை. எங்கள் பழைய வெள்ளைக் காருக்குக் கல் வைக்கும் வேலை என்னுடையது. எட்டு வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்கு வேறெதுவும் இருந்ததாக நினைவில்லை.

அந்தப் பதவியை அப்பா பறித்தார்.

அப்பா ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியன். கரண்ட் வேலை தெரிந்தவருக்கு மற்ற எல்லா வேலையும் தெரியும் என்பது அவருடைய எண்ணம். எங்கள் எண்ணமும் அதுதான். காரின் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டியிருப்பது அவருக்குக் குறையாகவே பட்டது. சேலத்துப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பூஸ்டரை வாங்கி வந்தார். லேசாக மிதித்தாலே போதும், மீதிப் பலத்தை அது கொடுத்துவிடுமாம். பிரேக்கில் வீட்டு வைத்தியம் வேண்டாம் என்று மெக்கானிக் சொன்னது அவர் காதில் விழவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வாசலில் வேலை நடந்தது. காருக்கு அடியில் அப்பா, டிரைவர் சீட்டில் அம்மா. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, அப்பா மிதி என்றால் அம்மா மிதித்துப் பிடிக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும். காரில் அப்பா கைவைக்கும்போதெல்லாம் அவளுக்கு இதே வேலைதான். பரீட்சை எழுதுகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு அம்மா மிதித்தாள்.

பூஸ்டர் வேலை செய்தது. சுண்டுவிரலால் தொட்டது போல மிதித்தாலும் வண்டி கப்பென்று நின்றது. அதைவிட ஆச்சரியம் அடுத்த வாரம் நடந்தது. பக்கத்து ஊரான வெள்ளக்கடை வரை ஒரு சுற்றுப் போய்வந்து, வீட்டுச் சரிவில் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுக்காமல் அப்பா காலை எடுத்தார். கார் அசையவில்லை. நான் கல்லோடு ஓடினேன்.

“அதத் தூக்கிப் போடு கண்ணு. நம்ம காருக்கு இனிமே கல்லு வேண்டாம்.”

பதவி போன வருத்தம் ஒரு நிமிடம்தான் இருந்தது. அப்புறம் பெருமை வந்துவிட்டது. எங்கள் கார் மலையில் தானாக நிற்கும் என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் மசியவில்லை. “நிக்கறதுக்கு என்னடி பெருமை? எங்கூட்டு ஆட்டுக்கல்லு கூடத்தான் நிக்குது” என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் கிட்டத்தட்டச் சரியாகத்தான் சொல்லியிருந்தாள் என்பது வேறு விஷயம்.

பக்கத்து வீட்டு மாமாவுக்குக் காப்பித் தோட்டம். அவர் மகளுக்கு வியாழக்கிழமை சேலத்தில் கல்யாணம். மணப்பெண்ணை எங்கள் காரில் இறக்கிக் கொண்டுபோவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் நாம் ஒரு தடவை போய்வந்துவிடலாம், எனக்கும் ஜாக்கெட் துணி எடுக்க வேண்டும் என்று அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கிளப்பினாள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போகலாம் என்றும் சொல்லிப் பார்த்தாள். ஏன், என் வேலை மேல் நம்பிக்கை இல்லையா என்று அப்பா கேட்டார். அம்மா எனக்குத் தலை பின்னினாள்.

இப்போது என் மகளுக்கு இரண்டு வயது. நானாக இருந்தால் அழைத்துப் போயிருப்பேனா என்று பலமுறை யோசித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

மலையில் நாலைந்து வளைவு இறங்கியிருப்போம். என்னைப் பின்சீட்டில் மடியோடு அணைத்துக்கொண்டிருந்த அம்மா முன்னால் எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, எறக்கத்துல எதுக்கு ஆக்சிலேட்டர மிதிக்கறீங்க?”

அப்பா இன்னும் கொஞ்சம் மிதித்தார். ஏதோ கருகும் வாடை வந்தது. முன்னால் போன லாரி என்றார். முன்னால் லாரி எதுவும் இல்லை. வளைவு ஒன்றில் இடம் அகலமாக, கொஞ்சம் சமமாக இருந்தது. அங்கே கார் கிட்டத்தட்டத் தானாகவே நின்றது. முன்சக்கரத்திலிருந்து புகை எழுந்தது.

அப்பா இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும் என்று அம்மாதான் தடுத்தாள். பிறகு, என்னிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்:

“முந்தியெல்லாம் மிதிச்சா கொஞ்சம் சும்மா எறங்கும், அப்பறந்தான் புடிக்கும். இப்பக் கால் வெச்சதுமே முட்டுது.”

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். “இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன புள்ள?”

“புது பிரேக்குன்னா இப்படித்தான் போலன்னு நெனச்சேனுங்க.”

எனக்குப் பழைய பதவி திரும்பக் கிடைத்தது. மற்ற சக்கரங்களுக்கெல்லாம் கல் வைத்தேன். புகை அடங்கியதும் முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அதைக் கையால் சுழற்றிப் பார்க்கும்படி என்னிடம் சொன்னார் அப்பா. டயரைப் பிடித்துத் தொங்கியும் அசையவில்லை. பிறகு பானெட்டைத் திறந்து, பூஸ்டரையும், பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்திருந்த இரண்டு நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தினார். என் கைக்குள் சக்கரம் லேசாகிச் சுற்றியது. அவ்வளவு பெரிய சக்கரம் எனக்காகவே சுற்றியது போல இருந்தது.

பூஸ்டரிலிருந்து சிலிண்டருக்கு வரும் கம்பி ஒரு இம்மி நீளம் அதிகம். காலை எடுத்த பிறகும் அது அழுத்திக்கொண்டே இருந்ததால், மிதித்தபோது போன பிரேக் ஆயில் திரும்ப வழியில்லாமல் நாலு சக்கரத்தையும் பிடித்தபடி இருந்திருக்கிறது. தானாக நின்ற கார், உண்மையில் ஓட முடியாமல் நின்ற கார். கம்பியின் நுனித் திருகை உள்ளே திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் அம்மாவை மிதிக்கச் சொல்லிக் கேட்டார் அப்பா. இன்னும் முட்டுது, இன்னும் கொஞ்சம், ஆ, இப்பச் சரி என்று அம்மாவின் கால் சொல்ல, அப்பாவின் கை கேட்டது. சூடு முழுதும் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு முதல் கியரில் ஊர்ந்து இறங்கினோம். ஆக்சிலேட்டரை அப்பா தொடவேயில்லை.

மாமாவிடம் அப்பா எதையும் மறைக்கவில்லை. வேண்டாமென்றால் வேறு கார் பார்த்துத் தருகிறேன் என்றார். “ஊட்டுக்காரம்மாவையும் புள்ளையையும் ஒக்கார வெச்சு எறக்கிப் பார்த்துட்டீங்க. அதுக்கு மேல என்னங்க வேணும்?” என்றார் மாமா. மணப்பெண் எங்கள் காரில்தான் இறங்கினாள். முன்சீட்டில் நான்.

ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமை அடிவாரம் வந்து சேர்ந்த நேரம்தான். அப்பா ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்து, கை வைக்க முடிகிறது என்று சொன்னார். ஒரு புளியமரத்தடியில் அம்மா தயிர்ச்சோற்றுத் தூக்கைத் திறந்தாள். வழியெல்லாம் கல்லாக இருந்தவளுக்கு அங்கே உருண்டை பிடிக்க வரவில்லை. ஒவ்வொரு உருண்டையும் என் கைக்கு வருமுன் உதிர்ந்தது. அம்மாவுக்குச் சோறு உருட்டக்கூடத் தெரியவில்லை என்று நான் கேலி செய்தேன். அப்பா சிரிக்கவில்லை. கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தூக்கை வாங்கி, தானே உருட்டிக் கொடுத்தார். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அவர் அப்படிச் செய்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிரேக் சரியான சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு உருண்டைக்குக் கை நீட்டினேன்.