பட்டியலக்கா வைத்த சாம்பல் புள்ளி

கல்லூரி நூலகத்தில் பதினான்கு வருடம் புத்தகங்களுக்கு எண் போட்டவர் அவர். அந்த வேலையை விட்டுவிட்டு, ஆறே பேர் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தபோது வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஒரே பதிவைப் பல கணினிகளில் சேர்த்து வைக்கும் பிளாக்செயினில் செயலி உருவாக்குகிறவர்களுக்குத் தேவைப்படும் மென்பொருள் கருவிகளையும் சேவைகளையும் தேடிப்பிடித்து, வகை பிரித்து, இணையத்தில் பட்டியலாகப் போடுவதுதான் அங்கே வேலை. நேர்முகத் தேர்வில் முதலாளி திரையைத் திருப்பிக் காட்டியதும், "இதெல்லாம் எந்த வரிசையில இருக்கு சார்?" என்று கேட்டார்.

"வரிசையா?" என்றார் முதலாளி. அந்த நிமிடமே வேலை உறுதியாகிவிட்டது.

மூன்றாவது மாடியில் ஜன்னலோர மேசை கிடைத்தது. கொஞ்ச நாளில் எல்லோரும் அவர் பெயரை மறந்து, பட்டியலக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கருவி செய்தவர்கள் தங்கள் சரக்கை ஆகா ஓகோ என்று அளந்து விட்டிருப்பார்கள். 'உலகிலேயே வேகமானது' என்று பதினேழு கருவிகள் சொல்லிக்கொண்டன. அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, அது என்ன செய்யும் என்று ஒரே ஒரு வரி எழுதுவார். அந்த வரியைச் சாயங்காலம் வீட்டில் கணவரிடம் படித்துக் காட்டுவார். கணவர் லிஃப்ட் மெக்கானிக்.

"எழுதின புரோகிராமை நெட்வொர்க்ல ஏத்துறதுக்கு முன்னாடி, அதுல தப்பு இருக்கான்னு பார்த்துச் சொல்லும். புரியுதாங்க?"

"ஏத்தின பிறகு பார்த்தா என்னவாம்?"

"ஏத்திட்டா லேசுல திருத்த முடியாது. எத்தனையோ கம்ப்யூட்டர்ல அப்படியே பதிஞ்சிடும்."

"அப்ப ஆளுங்க ஏறுறதுக்கு முன்னாடி பிரேக் பார்க்குற மாதிரி. புரியுது, போட்டுடு."

இப்படியே பட்டியல் எண்ணூறைத் தாண்டியது. பக்கத்து மேசை புரோகிராமரை உட்கார வைத்து ஓட்டிப் பார்க்காமல் எதையும் சேர்ப்பதில்லை என்பதில் அவர் பிடிவாதம். ஒதுக்கும்போது மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். ஒரு வருடமாக எந்த மாற்றமும் இல்லாமல், மெயிலுக்கும் பதில் வராமல் இருந்த முப்பத்தேழு கருவிகளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளி வைத்தார். கைவிடப்பட்டவை என்று அர்த்தம்.

மறு வாரம் ஒரு போன் வந்தது. பின்னால் ஒரு நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது.

"பட்டியல் போடுறவங்களா? என் கருவிக்குச் சாம்பல் புள்ளி வச்சிருக்கீங்க." பெண் குரல். பிரேக் பார்க்குற மாதிரி என்று கணவருக்குப் புரிந்துபோன அந்தக் கருவியைச் செய்தவர்.

"மூணு மெயில் போட்டேங்க. பதிலே இல்லையே?"

"அது நான் படிக்கிறப்ப வச்சிருந்த முகவரி. திறந்தே பல வருஷமாச்சு."

"கருவியிலயும் ஒரு வருஷமா நீங்க கையே வைக்கலையே?"

"கோளாறு எதுவும் வரலையே, எதுக்குக் கை வைக்கணும்? நான் கால்நடை டாக்டர்ங்க. அது ஓய்வு நேரத்துல செஞ்சது. ஒரு நாய் ஒரு வருஷமா என்கிட்ட வரலைன்னா, நல்லாயிருக்குன்னுதான் நினைப்பேன். செத்துப்போச்சுன்னு எழுதி வைக்க மாட்டேன்."

பட்டியலக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. "தப்பு என்னுதுதாங்க. புள்ளி வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கணும். இன்னைக்கே பார்த்துடுறேன்," என்றார்.

சொன்னபடியே புரோகிராமரைப் பிடித்து, வேண்டுமென்றே பத்துத் தப்பு வைத்து ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். கருவி பதினொன்றைப் பிடித்தது. பதினோராவது, புரோகிராமர் தெரியாமல் வைத்தது. "அக்கா, இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்று அவன் கெஞ்சியதை மதியச் சாப்பாட்டுக்குள் மீதி எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

அவர் அதோடு விடவில்லை. மீதி முப்பத்தாறையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். பன்னிரண்டு கருவிகள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. அவற்றுக்கும் டாக்டருடைய கருவிக்கும் சேர்த்து, 'நலம். மருந்து தேவையில்லை' என்று புதிதாக ஒரு தலைப்பு போட்டார்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "மேடம், சாஃப்ட்வேர் பட்டியல்ல இப்படி எல்லாம் போடுவாங்களா?"

"போட்டுப் பார்ப்போம் சார். ஒரு மாசம் டைம் குடுங்க."

ஒரு மாதம் தேவைப்படவில்லை. பத்தே நாளில், பட்டியலுக்கு வருகிறவர்கள் முதலில் திறக்கும் தலைப்பு அதுவாகிவிட்டது. அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும் கருவிகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவர்கள்தான் அதிகம் என்பது முதலாளிக்கே அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரிடமிருந்து இன்னொரு போன் வந்தது. இந்த முறை நாய்ச் சத்தம் இல்லை.

"பட்டியலைப் பார்த்துட்டு நாலு பேர் என் புது முகவரிக்கு எழுதியிருக்காங்க. இன்னும் ரெண்டு வகைத் தப்பையும் பிடிக்கணுமாம். சும்மா இருந்தவளை வேலை பார்க்க வச்சிட்டீங்களே."

"பார்க்கப்போறீங்களா?"

"நேத்தே ஆரம்பிச்சுட்டேன்," என்றார் டாக்டர்.